வீட்டில் ஒருவருக்குச் சீலியாக்: அடுக்களையைப் பிரிப்பதா, கோதுமையையே நிறுத்துவதா?

ஒருவருக்குச் சீலியாக் என்ற குடல் நோய் என்று கண்டறிந்து, மருத்துவர் "இனி வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாது" என்று சொல்லி அனுப்பியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, அவருக்கு மட்டும் தனியாகச் சமைப்பதா, எல்லோரும் சேர்ந்தே விட்டுவிடுவதா என்பதுதான். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முழு வீட்டையும் கோதுமை இல்லாத வீடாக்குவது ஒன்று. ஒரே அடுக்களையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது இன்னொன்று. அடுக்களையில் எதையும் மாற்றாமல், நோயாளிக்கு மட்டும் 'குளூட்டன் ஃப்ரீ' (கோதுமையில் உள்ள குளூட்டன் இல்லாதது) என்று அச்சிட்ட பாக்கெட்டுகளை வாங்கித் தருவது மூன்றாவது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு எங்கள் பரிந்துரை பெரும்பாலும் முதல் வழிதான். கேட்டவுடன் இது மிகையாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றிலும் செலவும் சண்டையும் குறைவானது அதுவே.

கணக்கைச் சிறுகுடலில் தொடங்க வேண்டும். கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, சீலியாக் உள்ளவரின் நோய் எதிர்ப்பு அமைப்பு அவருடைய சிறுகுடல் சுவரையே தாக்குகிறது. அங்கே சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் மழுங்கிவிடுகின்றன. இரும்பு, கால்சியம், ஃபோலேட் எதுவும் சரியாகச் சேராது. எத்தனை மாதம் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் ஏறாத ரத்தசோகைக்கு இது ஒரு காரணம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனைத் தொடர்ந்து மூன்று மாதம் சாப்பிட்டாலே குடல் சேதமாகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சேதம் வருவதில்லை. 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 3 கிராம், அதாவது 3000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அந்தச் சப்பாத்தியை முந்நூறு பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நாளின் எல்லை. "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. வயிறு வலிக்கவில்லை என்பதும் ஆதாரமாகாது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே குடல் கெட்டுக்கொண்டிருக்கும்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை

எந்த வழியைத் தேர்ந்தாலும், அடுக்களையில் கைவைக்கும் முன் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நெருங்கிய ரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவர் வரை இதே நோய் இருக்கக்கூடும். இந்த நோயில் ரத்தத்தில் கூடும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி ஐஜிஏ என்ற அந்தச் சோதனை, குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம்தான் உண்மையைச் சொல்லும். முழு வீடும் கோதுமையை விட்டு ஆறு மாதமான பிறகு தங்கைக்குச் சோதித்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று வர வாய்ப்புண்டு. பிறகு மறுபடி வாரக்கணக்கில் கோதுமை கொடுத்துச் சோதிக்க நேரும். இட்லியும் சோறுமே சாப்பிடும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சாப்பிடும் கோதுமை மிகக் குறைவு என்றால் முதல் சோதனையே ஏமாற்றலாம். எனவே சோதனைக்கு முன் எவ்வளவு நாள், எவ்வளவு கோதுமை சாப்பிட வேண்டும் என்று குடல் நோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ பொய்யாக 'இல்லை' காட்டும்.

முழு வீடும் நிறுத்துவது

2016-இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில், சீலியாக் வட இந்தியாவில் சுமார் 1.2 சதவீதமும் தென்னிந்தியாவில் சுமார் 0.1 சதவீதமும் காணப்பட்டது. அதே ஆய்வில் ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். இன்று நகரத்து வீடுகளில் அது கூடியிருக்கும். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பஞ்சாபில் ஒரு குடும்பம் கோதுமையை விடுவது நாம் அரிசியை விடுவதற்குச் சமம். நாம் விடவேண்டியதோ இரவுச் சப்பாத்தி, காலை ரவை உப்புமா, சேமியா, பிரெட், பிஸ்கட், மைதாப் பலகாரம். இவ்வளவுதான்.

ஒவ்வொன்றுக்கும் மாற்று வீட்டிலேயே இருக்கிறது. ரவை உப்புமாவுக்கு அரிசி உப்புமா, சேமியாவுக்கு அரிசிச் சேவை, சேமியா பாயசத்துக்குப் பாசிப்பருப்போ ஜவ்வரிசியோ, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் அல்லது பொரியுருண்டை. சப்பாத்திக்கு மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். ஒரு கப் வெள்ளைச் சோள மாவுக்கு முக்காலிலிருந்து ஒரு கப் வரை கொதிக்கும் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மூடி, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைய வேண்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விரிந்து விண்டுபோகும். இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இந்த மாவில் இல்லை. சூட்டில் குழையும் மாவுச்சத்துதான் அந்த வேலையைச் செய்கிறது. வாழையிலையில் தட்டுவது எளிது. கட்டையால் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் கப்புக்கு ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமி சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

இந்த வழியின் பெரிய நன்மை, யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே. ஏழு வயதுக் குழந்தை தானே தட்டில் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சலில் அம்மா படுத்திருக்கும் நாளில் வேறு யார் சமைத்தாலும் தவறு நேராது. மற்றவர்கள் பிரெட்டும் பரோட்டாவும் சாப்பிட ஆசைப்பட்டால் வெளியே சாப்பிட்டு, கையும் வாயும் கழுவிக்கொண்டு வரட்டும்.

வழக்கமாக வரும் எதிர்ப்பு ஒன்றுதான்: "தாத்தாவுக்குச் சர்க்கரை, இரவில் சப்பாத்திதான் சாப்பிடுவார்." இதைத் தள்ளிவிடக் கூடாது, அவர் உடம்பும் முக்கியம். ஆனால் இரவுச் சப்பாத்தி சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாலும் எண்ணிக்கையால்தான். சப்பாத்தியை இரண்டு என்று எண்ணி வைக்கிறோம், சோற்றை யாரும் எண்ணுவதில்லை. இரண்டு சோள ரொட்டியையோ இரண்டு அடையையோ நிறையக் காயுடன் அதேபோல எண்ணி வைக்கலாம். கம்பும் ராகியும் கூழாகவோ கஞ்சியாகவோ போனால் சர்க்கரை வேகமாக ஏறும். ரொட்டியாகவோ அடையாகவோ கொடுங்கள். மாற்றிய முதல் வாரம் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையைப் பார்த்து எழுதி, அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் வகை நீரிழிவும் சீலியாக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த மாற்றத்தை இன்சுலின் அளவோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அடுக்களையைப் பிரிப்பது

இடம் தாராளமாக இருந்து, சமைப்பவர் ஒருவரே என்றால், அதுவும் நோயாளியே சமைக்கும் பெரியவர் என்றால், இந்த வழி நன்றாகவே நடக்கும். எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், புதிதாக வாங்க வேண்டாம். தனியாக வேண்டியவை: தோசைக்கல், சப்பாத்திக் கட்டையும் பலகையும், மரக்கரண்டி, சல்லடை, எண்ணெய் வடிகட்டி, பாத்திரம் தேய்க்கும் நார். பழகிய இரும்புக் கல்லில் எண்ணெய்ப் படிவத்தோடு மாவும் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிப் போக்குவதைவிடப் புதுக் கல் வாங்கிப் பழக்குவது மேல். கிரைண்டரில் அரிசி உளுந்து மட்டும் அரைத்திருந்தால் கவலையில்லை. சப்பாத்தி மாவு பிசையும் துணைக்கருவியை அதில் பொருத்தியிருந்தால், கல்லின் அடியும் மூடியின் விளிம்பும் வரை பிரித்துக் கழுவ வேண்டும்.

மாவு பறக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மைதாவைச் சலிக்கும்போது எழும் தூசு திறந்திருக்கும் சாம்பாரில் படியும். ஆகவே குளூட்டன் இல்லாத சமையலை முதலில் முடித்து மூடிவைத்த பிறகே கோதுமை மாவுப் பையைத் திறக்க வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அந்த அப்பளம் நோயாளிக்கு ஆகாது. பிரெட்டில் தடவிய கத்தி ஜாம் பாட்டிலுக்குள் திரும்பப் போகும், சப்பாத்தி தொட்ட கை ஊறுகாய் ஜாடிக்குள் போகும். இந்த இரண்டும்தான் பிரித்த அடுக்களைகளில் தினமும் நடக்கும் தவறு. ஜாம், வெண்ணெய், ஊறுகாய், இட்லிப் பொடி நான்குக்கும் தனி டப்பா வைத்து மூடியில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். பாத்திரம் கழுவ வருபவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் எந்த ஏற்பாடும் ஒரு வாரம்கூட நிற்காது.

சிறிய அடுக்களை, மூன்று பேர் சமைக்கும் கூட்டுக் குடும்பம், பத்து வயதுக்குக் கீழே நோயாளி. இவற்றில் ஏதாவது இரண்டு இருந்தாலே நாங்கள் இந்த வழியைச் சொல்வதில்லை. நல்ல மனம் இல்லாமல் அல்ல, களைப்பில்தான் விதிகள் உடைகின்றன.

பாக்கெட்டை நம்புவது

இந்தியாவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட, ஒரு கிலோ பொருளில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆக, எல்லையைத் தொட்ட பொருளையே அரை கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான். அந்த வகையில் அச்சு பயனுள்ளது. ஆனால் இந்த மாவுகளும் பிரெட்டும் சாதாரணத்தைவிடப் பல மடங்கு விலை. பலவும் மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் சேர்க்கை. நார்ச்சத்தும் இரும்பும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு அடுக்களையை அப்படியே விட்டுவிட்டுப் பாக்கெட் மட்டும் வாங்கினால், சாம்பாரிலும் எண்ணெயிலும் போகும் குளூட்டன் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். மூன்றில் இதுவே மோசமான தேர்வு. பயணத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் விடுதி அறையின் அவசரத்துக்கும் பாக்கெட் போதும்.

சிறுதானியம் என்று அட்டையில் பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ராகி சேமியா, கம்பு குக்கீஸ், தினை நூடுல்ஸ் பலவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கும். பின்பக்கத்தில் 'கோதுமை அடங்கியது' என்று ஒவ்வாமை வரி இருக்கிறதா என்று படியுங்கள். சத்து மாவிலும் கோதுமை வழக்கமாகச் சேர்வதுண்டு. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் உண்டு. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்தே வருகிறது. தனிச் சான்று பெற்ற ஓட்ஸைக்கூட நோய் அடங்கிய பிறகு, மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எந்த வழியிலும் தப்பாத இரண்டு: பெருங்காயமும் மாவு மில்லும்

சப்பாத்தியை நிறுத்தியும் டிடிஜி இறங்காத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். கொஞ்சம் பெருங்காயப் பிசினோடு கருவேலம் பிசினும் மைதாவோ கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்த்துச் செய்வது. தூளுக்கும் கட்டிக்கும் இது பொருந்தும். கட்டி என்றால் சுத்தம் என்பது தவறான நம்பிக்கை. ஐந்து பேர் சாம்பாரில் அரை கிராம் போடுகிறோம், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லிகிராம் மைதாவில் 25 மில்லிகிராம் அளவு குளூட்டன், ஒருவர் பங்கு 5. மதியம் ரசம், மோர், ஊறுகாய், இரவு இட்லிப் பொடி என்று சேர்த்தால் பத்தைத் தாண்டிவிடும். ஒரு வாய் சப்பாத்தி சாப்பிடாமலே.

இங்கேயும் மூன்று வழி. அரிசி மாவில் செய்து குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் கிடைக்கிறது, அன்றாடத்துக்கு அதுவே போதும். கலப்பில்லாத பிசின் விலை அதிகம், ஆனால் வாசனை கடுமையானது. கடுகளவை வெந்நீரில் கரைத்தால் ஒரு குழம்புக்குக் காணும். இரண்டும் கிடைக்காத ஊரில் பூண்டு, சீரகத் தாளிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். கடைச் சாம்பார் பொடி, ரசப் பொடி, புளியோதரை மிக்ஸ், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் பெருங்காயம் உண்டு என்பதால் பொடிகளை வீட்டில் அரைப்பதே நல்லது. பழைய அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள்.

அடுத்தது மில். உங்கள் ராகிக்கு முன்னால் அதே இயந்திரத்தில் யாரோ சம்பா கோதுமை அரைத்திருப்பார்கள். உள்ளே கொஞ்சம் மாவு தங்கும். அது உங்கள் மாவில்தான் இறங்கும். முதலில் ஒரு கிலோ அரிசி போட்டு ஓட்டிவிடச் சொல்வது குறைக்குமே தவிர நீக்காது. கடையில் விற்கும் கடலை மாவு, அரிசி மாவு, உதிரி ராகி மாவுக்கும் இதே கதிதான்; ரவை மூட்டையிலிருந்த கரண்டி அரிசி மாவு மூட்டைக்குப் போவதும் உண்டு. மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி, தட்டில் பரப்பிப் பொறுக்கி, மூன்று முறை கழுவுங்கள்.

பெரிய குடும்பத்துக்கு வீட்டு மாவு இயந்திரம் வாங்குவது தகும். அதில் ஒருநாளும் கோதுமை போடக் கூடாது. சிறு குடும்பத்துக்கு மிக்ஸியும் கிரைண்டரும் போதும். ராகி மூன்று பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, இரண்டையும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டால் தோசைக்கு மாவே வாங்க வேண்டாம். இடியாப்பத்துக்குப் பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் அரை மணி உலர்த்துங்கள். கையில் ஒட்டியும் ஒட்டாமலும் ஈரம் இருக்கும்போது மிக்ஸியில் அரைத்துச் சலித்து, கோலம் போடும் பதத்துக்கு வறுக்க வேண்டும். ஈரம் அதிகமானால் ஜாரில் அப்பும், அதிகம் காய்ந்தால் மாவு கொரகொரப்பாகி இழை அறுந்துவிடும். ராகியைத் தவிர்க்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 100 கிராமில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது. குடல் ஆறும்வரை சில மாதங்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த நாட்களுக்கு ராகியும் தயிரும் கைகொடுக்கும்.

இலங்கைத் தமிழர் வீடுகளிலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்கள் வீடுகளிலும் கணக்கு மாறுகிறது. அங்கே இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அவித்த கோதுமை மா சேர்ப்பது பரவலான வழக்கம். அவித்தாலும் வறுத்தாலும் குளூட்டன் அழியாது. கடையில் வாங்கும் இடியாப்பம், புட்டு, ரொட்டி மூன்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். வீட்டில் சிவப்பரிசி மாவுக்கு முழுதாக மாறுவதுதான் அங்கே முதல் வேலை.

வெளியே

ஹோட்டலில் தோசையைவிட இட்லி பாதுகாப்பானது. தோசைக்கல்லில் சற்று முன் ரவா தோசையோ பரோட்டாவோ வெந்திருக்கும், அதே கரண்டிதான் சுரண்டும். சாம்பாரில் பெருங்காயம், இட்லிப் பொடியிலும் பெருங்காயம். ஆகவே இட்லியும் தாளிக்காத தேங்காய்ச் சட்னியும்தான் மிஞ்சும். கல்யாணப் பந்தியில் வெறும் சோறும் தயிரும் வாழைப்பழமும். கூடவே வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பா பருப்புப் பொடி கொண்டுபோங்கள். கோயில் பிரசாதத்தில் ரவை கேசரியும் புளியோதரையும் வேண்டாம். கத்தோலிக்கர்களுக்கு: நற்கருணை அப்பம் கோதுமையில் ஆனது. மிகக் குறைந்த குளூட்டன் கொண்ட அப்பத்துக்கும், இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்வதற்கும் திருச்சபையில் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பள்ளியில் ஆசிரியரிடம் பிஸ்கட்டோடு விளையாட்டு மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பலவும் கோதுமையால் ஆனது, குழந்தை விரலை வாயில் வைக்கும்.

தேர்ந்த வழி சரியா என்பதை ஆறாவது மாத டிடிஜி சொல்லும். கையிலுள்ள முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு அது தெளிவாக இறங்கியிருக்க வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும் பாருங்கள். முந்தைய டிடிஜி சோதனையையும் இதையும் ஒரே ஆய்வகத்தில் செய்தால்தான் ஒப்பிட முடியும். அடுக்களையைப் பிரித்து வைத்திருக்கும் வீட்டில் எண் இறங்காமல் நின்றால், யார் தவறு என்று தேடுவதை விட்டுவிட்டு ஆறு மாதம் முழு வீடும் கோதுமையை நிறுத்திப் பாருங்கள். பெருங்காயத்தையும் மில் மாவையும் அன்றே மாற்றுங்கள். அதன் பிறகும் இறங்கவில்லை என்றால் அன்றாட மாத்திரைகளின் சேர்மானத்தை மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டு, அறிக்கைகளோடு குடல் நோய் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.